ஃபெரோப்டோசிஸ்: இரும்புச்சாவா, இரும்புமடிவா, வேறு சொல்லா?

வணக்கம்.

சொற்பட்டியலில் உயிரணு இறப்பு வகைகளில் 'ஃபெரோப்டோசிஸ்' (ferroptosis, இரும்பின் துணையோடு சவ்வுக் கொழுப்பு கெட்டு உயிரணு இறப்பது) மட்டும் நிலுவையில் நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: இரும்புச்சாவு, துருச்சாவு, இரும்புவழித் திட்டமிட்ட உயிரணு இறப்பு, இரும்புதிர்வு, இரும்புமடிவு. எனக்கு 'இரும்புமடிவு' பிடித்திருக்கிறது. ஏற்கெனவே அப்போப்டோசிஸுக்கு (apoptosis, உயிரணு தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் இறப்பு) 'தன்மடிவு' என்று வைத்திருப்பதால் வரிசையாகவும் வரும். ஆய்வகத்தில் இருப்பவர்கள் பார்த்துச் சொன்னால் முடித்துவிடலாம்.

---

> துருச்சாவு

முதலில் இதை எடுத்துவிடலாம் ஐயா. துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனேற்றம் அடைவது இரும்பு. இங்கே கெடுவது இரும்பு இல்லை, உயிரணுச் சவ்வில் இருக்கும் கொழுப்பு. பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே, அதே வேதியியல்தான். நிறைவுறாத கொழுப்பு அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பன் ஒன்று இருக்கும். அதிலுள்ள ஹைட்ரஜனைப் பிடுங்குவது எளிது. பிடுங்கிய இடத்தில் ஆக்சிஜன் ஏறி லிப்பிட் பெராக்சைடு உண்டாகும். இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட இரும்பு (Fe²⁺) அந்தப் பெராக்சைடை உடைத்துத் தனி உறுப்பாக்கும் (free radical, இணையற்ற எலக்ட்ரான் கொண்ட வினைமிகு துணுக்கு). அது பக்கத்துக் கொழுப்பு அமிலத்தில் கைவைக்கும். சங்கிலி அப்படியே ஓடும். ஓலிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு ஒன்றே ஒன்று. நடுவில் மாட்டிக்கொள்ளும் கார்பன் கிடையாது. உயிரணுக்களுக்கு அதை ஊட்டினால் தப்பித்துக்கொள்வது அதனால்தான்.

வழக்கமாக இந்தச் சங்கிலியை அறுப்பது ஜி.பி.எக்ஸ்.4 என்ற நொதி. செலினியம் உள்ள நொதி. குளுட்டாதையோன் என்ற காப்பு மூலக்கூறைச் செலவழித்துப் பெராக்சைடை ஆல்கஹாலாக மாற்றிவிடும். குளுட்டாதையோனுக்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். சிஸ்டீனுக்கு, வெளியிலிருந்து சிஸ்டைனை (இரண்டு சிஸ்டீன் இணைந்தது) உள்ளே எடுத்துவரும் கடத்தி வேண்டும். எராஸ்டின் என்ற சேர்மம் அந்தக் கடத்தியை அடைக்கிறது, ஆர்.எஸ்.எல்.3 என்ற சேர்மம் நேராக நொதியையே முடக்குகிறது. இரண்டு வழியிலும் முடிவு ஒன்றுதான்.

> திட்டமிட்ட உயிரணு இறப்பு

இதிலும் சிக்கல். அப்போப்டோசிஸில் கேஸ்பேஸ் நொதி என்று கொலைக்கென்றே வைத்த கருவி உண்டு. இதில் அப்படி எதுவும் இல்லை. காவல் விழுகிறது, சவ்வு கிழிகிறது, அவ்வளவுதான். 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிக்சன், ஸ்டாக்வெல் குழுவினர் இப்பெயரைச் சூட்டியபோதே, கேஸ்பேஸ் தடுப்பான்களுக்கு இது மசியவில்லை, இரும்புப் பிடிப்பான்களுக்கு (இரும்பைப் பிடித்து முடக்கும் பொருள்கள்) மசிகிறது என்பதைத்தான் அடையாளமாகக் காட்டினார்கள். 'நெறிப்படும்' என்று வேண்டுமானால் விளக்கத்தில் சொல்லலாம். பெயரில் 'திட்டம்' வேண்டாம்.

> இரும்புதிர்வு

'உதிர்வு' அப்போப்டோசிஸுக்குப் பொருத்தம். 1972இல் கெர், வில்லி, கரி மூவரும் இலையுதிர்தல் என்ற கிரேக்கப் பொருளில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். அங்கே உயிரணு சுருங்கித் துண்டு துண்டாகி அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கு இரையாகிறது. இங்கே ஊதி வெடிக்கிறது. உட்கரு துண்டாவதில்லை, மைட்டோகாண்ட்ரியா மட்டும் சிறுத்து அடர்ந்து தெரியும். போதாக்குறைக்கு 'இரும்புதிர்வு' என்றால் பட்டறையில் அரத்தூள் கொட்டுவது போலக் கேட்கிறது.

> இரும்புமடிவு

இதற்கு என் எதிர்ப்பு கடுமையானது. நம் பட்டியலிலேயே 'புரத மடிப்பு', 'பிறழ் மடிப்பு' இருக்கின்றன. அல்சைமர், பார்க்கின்சன் பற்றிய ஒரே பத்தியில் 'புரதம் தவறாக மடிந்தது', 'உயிரணு மடிந்தது' இரண்டும் வரும். படிப்பவர் எதை எப்படிப் பிரிப்பார்? தன்மடிவையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன்.

என் பரிந்துரை 'மாய்வு'. தன்மாய்வு, இரும்புமாய்வு. 2001இல் பெயர் பெற்ற பைரோப்டோசிஸுக்கு அழல்மாய்வு. அழற்சியைக் கிளப்பும் இறப்பு என்பதால் இரட்டைப் பொருத்தம். 2022இல் வந்த குப்ரோப்டோசிஸுக்குச் செப்புமாய்வு.

---

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையிலிருந்து இரண்டு குறிப்புகள்.

ஒன்று: எங்கள் பாடநூல்களில் கலம், நொதியம், ஒட்சியேற்றம் என்றுதான் வரும். 'உயிரணு' சொல்லுக்குள்ளேயே நுழைந்தால் எங்கள் மாணவர் தடுமாறுவர். 'இரும்புமாய்வு' என்பதில் உயிரணுவும் இல்லை, கலமும் இல்லை. இரு பக்கத்துக்கும் பொது. அதனால் ஆதரிக்கிறேன்.

இரண்டு: செம்பு 'செப்பு' ஆகிறது என்றால் இரும்பும் 'இருப்பு' ஆகவேண்டாமா? இருப்புப்பாதை என்கிறோமே. மென்றொடர்க் குற்றியலுகரம் (இரும்பு, செம்பு போல மெல்லின எழுத்தை அடுத்து உகரத்தில் முடியும் சொல்) எல்லாமே வன்றொடராக வேண்டியதில்லை என்று நன்னூல் விட்டுக்கொடுத்திருக்கிறது, ஆனால் ஆகும் சொற்களில் இதுவும் ஒன்றல்லவா?

---

> இரும்பும் 'இருப்பு' ஆகவேண்டாமா?

'இருப்புமாய்வு' என்றால் மெய்யியல் கட்டுரை என்று நினைத்துவிடுவார்கள் அக்கா. இரும்புச்சத்து, இரும்புத்தாது எல்லாம் திரியாமல்தான் வழங்குகின்றன. அப்படியே விடலாம்.

'இரும்புச்சாவு' குறித்து மருத்துவப் பக்கத்திலிருந்து ஒன்று. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறோம். அதை விழுங்க வைப்பதே பெரும்பாடு. செய்தித்தாளில் 'இரும்புச்சாவு' என்று தலைப்பு வந்தால் மறுநாளே மாத்திரை குப்பைக்குப் போகும். 'மாய்வு' கொஞ்சம் தள்ளி நிற்கிற சொல். அந்த ஆபத்து குறைவு. விளக்கத்தில் 'உணவில் உள்ள இரும்பைக் குறிப்பதன்று' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்போம்:

'குருதி ஓட்டம் தடைப்பட்டு மீண்ட சிறுநீரகத்தில், நுண்குழல் உயிரணுக்கள் இரும்புமாய்வால் வரிசையாக இறக்கின்றன.' இடிக்கவில்லை.

'ஃபெரோஸ்டாட்டின்-1 ஓர் இரும்புமாய்வுத் தடுப்பான்.' சரி.

'அந்த உயிரணு இரும்புமாய்ந்தது.' வராது. வினையாக்க முயலாமல் 'இரும்புமாய்வு அடைந்தது' என்று எழுதலாம்.

---

பெயர் படிந்துவிட்டது போலத் தெரிகிறது. உள்ளீட்டின் கீழ் 'எப்படி இனங்காண்பது' என்ற பகுதியையும் வையுங்கள். இந்தப் பெயரை ஒட்டிவிட்டுச் சான்று காட்டாத கட்டுரைகள் மலிந்துவிட்டன.

குறைந்தபட்சச் சோதனை இது. எச்.டி.1080 (மனிதப் புற்றுநோய் உயிரணு வகை) போன்ற எளிதில் வசப்படும் உயிரணுக்களில் எராஸ்டின் 10 மைக்ரோமோலார் இடுங்கள். பக்கத்துக் குழிகளில் அதனோடு ஃபெரோஸ்டாட்டின்-1 ஒரு மைக்ரோமோலார், இன்னொன்றில் இரும்புப் பிடிப்பானாகிய டெஃபராக்சமீன் 100 மைக்ரோமோலார், மற்றொன்றில் கேஸ்பேஸ் தடுப்பான். முதல் இரண்டும் காப்பாற்றி, மூன்றாவது காப்பாற்றாவிட்டால்தான் இரும்புமாய்வு என்று பேசலாம்.

சறுக்கும் இடங்கள்:

வளர்ப்பு ஊடகத்தில் மெர்காப்டோஎத்தனால் இருந்தால் எராஸ்டின் வேலை செய்யாது. அது சிஸ்டீனோடு கலப்பு டைசல்ஃபைடாகி வேறு கடத்தி வழியே உள்ளே போய்விடும். நிணநீர் உயிரணுக்களை வளர்ப்பவர்கள் அதை வழக்கமாகச் சேர்ப்பதால் அங்கே ஆர்.எஸ்.எல்.3 எடுப்பதே மேல்.

சீரத்திலுள்ள செலினியமும் வைட்டமின் ஈயும் தொகுதிக்குத் தொகுதி மாறும். புதுப் புட்டி திறந்ததும் மருந்தளவுக் கோட்டை மறுபடி போடவேண்டும். நெருக்கமாக விதைத்த உயிரணுக்கள் எளிதில் சாகா. எல்லாக் குழிகளிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும்.

கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும் சி11-போடிபி என்ற ஒளிர்சாயம் சிவப்பிலிருந்து பச்சைக்கு, அதாவது 590 நானோமீட்டர் அருகிலிருந்து 510 அருகே மாறினால், ஆக்சிஜனேற்றம் நடந்தது என்றுதான் பொருள். உயிரணு செத்தது என்று பொருளல்ல. இறப்பைத் தனியாக அளக்கவேண்டும். தன்மாய்வைக் காட்டப் பயன்படுத்தும் அன்னெக்சின் V என்ற புரதம் ஒட்டியதால் தன்மாய்வு என்று முடிவு கட்டுவதும் தவறு: சவ்வு கிழிந்தால் அது உள்ளே புகுந்து ஒட்டத்தான் செய்யும்.

ஜி.பி.எக்ஸ்.4 இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. 2019இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டிய எஃப்.எஸ்.பி.1 என்ற நொதி, துணைநொதி Q10ஐ ஒடுக்கி இணையான காவலாக நிற்கிறது. அது மிகுந்த புற்றுநோய் உயிரணுக்களில் ஆர்.எஸ்.எல்.3 பலிக்காது. இதே நொதி வைட்டமின் கேயையும் ஒடுக்குகிறது என்பது 2022இல் தெரிந்தது. குருதி உறைவைத் தடுக்கும் வார்ஃபரினின் நஞ்சுக்கு வைட்டமின் கே மருந்தாவது எந்த நொதியால் என்ற பழைய புதிருக்கு விடை அங்கே கிடைத்தது.

---

நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்:

இரும்புமாய்வு – பெயர்ச்சொல். சவ்வுக் கொழுப்புகள் இரும்பின் துணையோடு பெராக்சைடாவதால் நிகழும், நெறிப்படும் உயிரணு (கல) இறப்பு. கேஸ்பேஸ் சாராதது. உணவில் உள்ள இரும்பைக் குறிப்பதன்று. ஒலிபெயர்ப்பு: ஃபெரோப்டோசிஸ்.

'தன்மடிவு' இனித் 'தன்மாய்வு' என்று திருத்தப்படும். பழைய சொல்லைத் தேடினாலும் இங்கே வந்து சேரும்படி வழிமாற்று வைத்துவிடுகிறேன். 'நெக்ரோப்டோசிஸ்' (நசிவு போலத் தோன்றும், ஆனால் நெறிப்படும் உயிரணு இறப்பு) பாக்கி. 'நசிமாய்வு' என்பதில் இரண்டு உறுப்பும் சாவையே குறிக்கின்றன என்று ஒருவர் தனிமடலில் சொல்லியிருக்கிறார். அதை வேறு இழையில் எடுத்துக்கொள்வோம்.