பெரியவீட்டுச் சொந்தங்கள்: அபியோட பனித்துகள்

செல்வி: அபிக்கு 22ஆம் தேதி கணித தினக் கண்காட்சி. கோக் பனித்துகள் வரையணுமாம், அதான் முக்கோணத்தோட ஒவ்வொரு கோட்டு நடுவுலயும் சின்ன முக்கோணம் முளைச்சுக்கிட்டே போகுமே, அந்தப் படம். சார்ட் வீணாகுது, கோடு சேரவே மாட்டேங்குது. சித்தப்பா, இருக்கீங்களா?

முருகன்: சித்தப்பாவைக் கூப்பிட்டாச்சா, விடிய விடிய மெசேஜ்தான்

சிவா சித்தப்பா: இருக்கேன்மா. பக்கம் எத்தனை செ.மீ. எடுத்தா?

செல்வி: 20

சிவா சித்தப்பா: அங்கதான் சிக்கல். ஒவ்வொரு கட்டத்துலயும் கோட்டை மூணாப் பிரிக்கணும். 20ன்னா 6.67, அப்புறம் 2.22. ஸ்கேல்ல பிடிபடாது. 27 வைக்கச் சொல்லு: 27, 9, 3, 1.

சிவா சித்தப்பா: சமபக்க முக்கோணம் போட்டு, ஒவ்வொரு பக்கத்துலயும் 9லயும் 18லயும் குறி. காம்பஸ்ல 9 எடுத்து ரெண்டு குறியிலேருந்தும் வெளிப்பக்கமா வில். வெட்டுற இடம் உச்சி. நடு 9ஐ உடனே அழிச்சிடணும், இல்லேன்னா அடுத்த கட்டத்துல அதுலயும் முக்கோணம் போட்டுடுவா.

அலமேலு பெரியம்மா: செல்வி அந்தப் பெரிய அண்டா யார்கிட்ட இருக்கு

செல்வி: முருகன்கிட்ட பெரியம்மா

முருகன்: வளைகாப்பு முடிஞ்சதுமே கொடுத்துட்டேனே

அலமேலு பெரியம்மா: எங்க வீட்டுக்கு வரல

சிவா சித்தப்பா: கோடு 3, 12, 48, 192ன்னு வரணும். சுத்தளவு 81, 108, 144, 192 செ.மீ. எண்ணிக்கை குறைஞ்சா, புதுசா முளைச்ச முக்கோணத்தோட பக்கத்தை விட்டிருப்பா. அங்கதான் எல்லாருக்கும் விட்டுப்போகும்.

கனகா அத்தை: காம்பஸ் எதுக்குடா? 1 செ.மீ. இடைவெளியில இடுக்குப் புள்ளி வச்சா எல்லா முனையும் புள்ளியிலயே விழும்.

சிவா சித்தப்பா: ஆமாக்கா, அது சுலபம். வரிசைக்கு வரிசை மட்டும் 8.66 மி.மீ. 9ன்னு வச்சா மேலேருந்து கீழ வரைக்கும் உள்ள 36 இடைவெளியில 1.2 செ.மீ. நீண்டுடும். 15 இடைவெளிக்கு 13 செ.மீ. வருதான்னு பார்த்துக்கிட்டே போகணும்.

கனகா அத்தை: மாடி கட்டுறப்பவும் இப்படி என் பேச்சைக் கேட்டிருக்கலாம்

முருகன்: அத்தை, இப்ப வேண்டாமே

செல்வி: தெர்மகோல்ல நூல் கட்டலாமான்னு கேக்குறா

சிவா சித்தப்பா: கட்டலாம், ஆனா ரெண்டாம் கட்டத்தோட நிறுத்தணும். 1 செ.மீ.க்கு நூல் மடங்காது, முனை உருண்டுடும். 48 குண்டூசி, 144 செ.மீ. நூல், முடிச்சுக்கு 10 கூட.

செல்வி: பார்க்க வர்றவங்க கேட்டா என்ன சொல்லணும்?

சிவா சித்தப்பா: ஒவ்வொரு கட்டத்துலயும் சுத்தளவு 4/3 மடங்கு. பத்தாவது கட்டத்துல 14 மீட்டரைத் தாண்டிடும், அதுக்கு மேல எல்லையே கிடையாது. ஆனா 15.6 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தை விட்டு வெளியே வராது. பரப்பும் முதல் முக்கோணத்தைப்போல 8/5 மடங்கைத் தாண்டாது. எங்கேயும் அறுபடாத வளைவு, ஆனா எந்தப் புள்ளியிலயும் தொடுகோடு போட முடியாது. இப்படி ஒரு வளைவு இருக்குன்னு முன்னாடியே வியர்ஸ்ட்ராஸ்ங்கிற ஜெர்மன் கணித மேதை சூத்திரத்துல காட்டியிருந்தார். 1904ல ஸ்வீடன்காரர் ஹெல்கே வான் கோக்தான் கண்ணால பார்க்குற மாதிரி வரைஞ்சு காட்டினார். இதை அபி சொல்லாம விடக்கூடாது.

அலமேலு பெரியம்மா: நல்லா இருக்கு. அண்டா?

முருகன்: சனிக்கிழமை தேடிப் பார்க்குறேன். தெர்மகோல் நானே வாங்கிட்டு வரவா?

கனகா அத்தை: சார்ட்ல புள்ளி வச்சாதான் 192 கோடும் தெரியும்

சிவா சித்தப்பா: நூல்னா எட்ட நின்னாலும் தெரியும்க்கா

செல்வி: அவகிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்