மறு: சக்கர ‘டிஷ்’ஷுக்குத் தமிழ்ச்சொல்

> பழைய ரோடு சைக்கிளுக்கு மாற்றுச் சக்கரம் தேர்ந்தெடுப்பது பற்றிக் கையேடு எழுதுகிறேன். ‘டிஷ்’ஷுக்குக் ‘கிண்ணமை’ என்று வைத்திருக்கிறேன். ‘டயர் அமரும் விட்டம்’, ‘அச்சு நீளம்’ இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

வணக்கம்.

‘கிண்ணமை’ வேண்டாம் என்பது என் கட்சி. கிண்ணம் என்றதும் ரிம் குழிந்துபோன சக்கரம்தான் கண்ணுக்கு வரும். அதற்குக் கடைகளில் கோட்டம் என்று பெயர் இருக்கிறது. கோட்டம் எடுத்தால் சரியாகிவிடும். நீங்கள் சொல்லவந்த ‘டிஷ்’ வேண்டுமென்றே அமைப்பது: பின்சக்கரத்தின் இரு பக்கக் கம்பிகளும் (ஸ்போக்) சமமில்லாமல் சாய்ந்திருக்கும் நிலை. பின்சக்கரத்தின் வலப்பக்கம் பற்சக்கரங்களுக்கு இடம் விடவேண்டும். அதனால் குடத்தின் (சக்கர நடுவிலுள்ள ஹப்) வலது விளிம்பு உள்ளே தள்ளி நிற்கிறது. ரிம்மோ அச்சின் இரு முனையிலும் குடத்தை இறுக்கும் பூட்டு நட்டுகளுக்கு நட்டநடுவில் நின்றாக வேண்டும். விளைவு: வலப்பக்கக் கம்பிகள் ஏறக்குறைய நிமிர்ந்தும் இடப்பக்கத்தவை நன்றாகச் சாய்ந்தும் நிற்கின்றன, நிமிர்ந்தவற்றில் இழுவிசை கூடுதல். சுண்டிப் பார்த்தால் தெரியும், வலப்பக்கம் கணீரென்று ஒலிக்கும், இடப்பக்கம் மந்தமாக இருக்கும்.

இந்தச் சாய்வு வேறுபாட்டுக்கு ‘ஒருச்சாய்வு’ என்று முன்மொழிகிறேன். (குழிவு என்ற சொல்லை வண்டிச் சக்கரத்துக்கு விட்டுவைப்போம். ஆரக்கால்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, உண்மையிலேயே தட்டுப்போல் குழிந்த வண்டிச் சக்கரங்கள் உண்டு.)

ஆங்கிலத்தில் ‘டிஷ்’ என்ற அதே சொல்லை வினையாகவும் ஆள்கிறார்கள்: கம்பிகளை முறுக்கி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவருவது. அதற்கு ‘நடுப்படுத்தல்’ போதும். சோதிக்கக் கருவிகூட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே அகன்றிருந்த இடைவெளி பக்கம் மாறினால் குறை சக்கரத்தில். மாறாவிட்டால் சட்டகத்தையோ பிரேக்கையோ பாருங்கள்.

ஒருச்சாய்வு, நடுப்படுத்தல் இரண்டையும் பிரித்தால்தான் உங்கள் கையேட்டின் நான்காம் பகுதி விளங்கும். குடத்தில் இடப்பக்கம் மட்டும் 4 மி.மீ. வளையம் சேர்த்தால் நடுப்புள்ளி 2 மி.மீ. இடப்பக்கம் நகரும். ரிம்மையும் அதே அளவு இழுத்து நடுப்படுத்த வேண்டும், அப்போது ஒருச்சாய்வு குறைந்து சக்கரம் உறுதிப்படும். இதற்கும் அதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

‘அச்சு நீளம்’ தவறு. அச்சு பூட்டு நட்டைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். நமக்கு வேண்டியது இரு பூட்டு நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையிலான அளவு. அதுவே சட்டகத்தில் பின்சக்கரம் மாட்டும் பின்கவையில் அமரும் அளவு என்பதால் ‘கவையகலம்’ என்றால் குடத்துக்கும் சட்டகத்துக்கும் பொதுவாகும். பின்னால் 5 பற்சக்கரங்கள் உள்ள பழைய வண்டிகளில் பெரும்பாலும் 120, 6 அல்லது 7 பற்சக்கரங்கள் என்றால் 126, அதற்குப் பின் வந்த 8 முதலானவற்றுக்கு 130 மி.மீ. இரும்புச் சட்டகத்தை 126-லிருந்து 130-க்குப் பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்கலாம், அலுமினியத்தில் கை வைக்காதீர்கள்.

‘டயர் அமரும் விட்டம்’ நல்ல சொல். ‘அமர்விட்டம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

—

> ‘ஒருச்சாய்வு’

இதைக் கேட்டால் சக்கரமே ஒருக்களித்து நிற்பதாகத் தோன்றுகிறதே? ‘ஆரச்சாய்வு’ என்றால் கம்பியைப் பற்றியது என்பதாவது தெரியும். அமர்விட்டத்துக்கு என் வாக்கு உண்டு. 27 அங்குல ரிம்மின் அமர்விட்டம் 630 மி.மீ.; 700சி ரிம்முக்கு 622. இந்த 700சி-யைச் சில நாடுகளில் 28 அங்குலம் என்றும் விற்கிறார்கள். பெயரில் பெரியது அளவில் சிறியது! 26 அங்குலம் என்ற பெயரிலோ 559, 571, 584, 590, 597 என்று ஒரு குடும்பமே இருக்கிறது.

—

ஒருச்சாய்வை முன்மொழிந்தவர் என்ற முறையில் சொல்கிறேன்: ஆரச்சாய்வு என்ற சொல் வேறோர் இடத்தில் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சாய்வுக் கோணம் உண்டு, அதுதான் ஆரச்சாய்வு. முன்சக்கரத்துக்கும் அது உண்டு. பழைய வண்டியின் முன்சக்கரத்தில் இரு பக்கமும் சமம் என்பதால் ஒருச்சாய்வு இல்லை. எனவே ‘இரு பக்க ஆரச்சாய்வும் சமமில்லாத நிலை ஒருச்சாய்வு’ என்று முதல் முறை வரும்போது விளக்கிவிடலாம். ஒருக்களிக்கும் ஐயம் அத்தோடு தீரும்.

கையேட்டின் அட்டவணையில் அமர்விட்டத்தை முதல் நிரலிலும் விற்பனைப் பெயரை அடுத்தும் வையுங்கள். 630-லிருந்து 622-க்கு மாறுபவருக்குப் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும் என்ற குறிப்பும் அங்கேயே வரட்டும். பிரேக் கட்டையைத் தாங்கும் கையில் அதை அவ்வளவு இறக்கப் பள்ளம் இருக்கிறதா என்று அளக்காமல் சக்கரம் வாங்குபவர்கள்தான் அதிகம்.