விக்கிறவங்ககிட்டயும் வாங்கினீங்களா, இல்லையா?

சேலையூர்வாசி: "புரோக்கர் வீடு வாங்குறவருக்காகத்தான் அலையறார், 2% அதுக்கான கூலி"ன்னு நேத்து மனைத்தரகர்71 எழுதினதப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. போன வருஷம் 60 லட்சத்துக்குப் பழைய தனி வீடு வாங்கினேன். புரோக்கருக்கு 1,20,000 எண்ணிக் கொடுத்தேன். கிரயம் அன்னிக்கு சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல வீட்டுக்காரம்மாவும் மஞ்சப்பையிலேர்ந்து ஒரு கட்டு எடுத்து அவர் கையில வச்சாங்க. அவங்ககிட்டயும் 2%. அப்ப யாருக்காக அலைஞ்சார்?

மனைத்தரகர்71: சார், உங்களுக்கு எத்தனை வீடு காட்டினார்? பெட்ரோல் யாரோடது? கிரயம் முடிஞ்சாத்தான் எங்களுக்குக் காசு. பார்ட்டி நடுவுல கழண்டுக்கிட்டா வெறுங்கை.

சேலையூர்வாசி: பெட்ரோல் கதை கேட்கல. ரெண்டு பக்கமும் வாங்குவீங்களா, மாட்டீங்களா?

பொள்ளாச்சிக்காரி: நான் கோயமுத்தூர்ல பில்டர்கிட்ட பிளாட் வாங்குனனுங்க. புரோக்கருக்கு நயா பைசா கொடுக்கல, பில்டரே கொடுத்துட்டாரு.

சேலையூர்வாசி: சதுர அடி விலையில ஏத்தி உங்க தலையிலதாம்மா கட்டியிருப்பார்.

பொள்ளாச்சிக்காரி: நான் என்ன விலைக்கு வாங்குனேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?

பத்திரக்கட்டு: முதல்ல புரோக்கரோட ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேட்டிருக்கணும்.

மனைத்தரகர்71: 2016 ரெரா சட்டத்துல 9ஆம் பிரிவப் படிச்சிட்டு வாங்க. ரெராவுல பதிவான புராஜெக்ட்ட விக்கத்தான் ஏஜென்ட் பதிவு வேணும். இவர் வாங்கினது கைமாறின பழைய வீடு. கமிஷன் இத்தனை சதவீதம்னும் அந்தச் சட்டத்துல கிடையாது.

சேலையூர்வாசி: கேட்க ஆளில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இன்னொண்ணும் கேளுங்க. "ரெண்டு பார்ட்டி காத்திருக்கு, 60க்குக் கீழ இறங்க மாட்டாங்க"ன்னார். பால் காய்ச்சின அன்னிக்கு அந்தம்மா சொல்றாங்க, "57 வந்தாப் போதும்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேனேப்பா". 3 லட்சம்! விலை ஏறினா ரெண்டு பக்கமும் அவருக்கு ஏறுது.

மனைத்தரகர்71: அவங்க மனசுல இருந்த விலைய உங்ககிட்ட போட்டுக் கொடுக்கணுமா? நாளைக்கு நீங்க விக்கும்போது உங்க ரகசியத்தையும் இப்படித்தான் காப்பாத்துவோம்.

சேலையூர்வாசி: அப்ப அவங்களுக்காக வேலை பார்த்தார். என்கிட்ட எதுக்கு 2%? வில்லங்கச் சான்றுகூட 13 வருஷத்துக்குத்தான் போட்டுக் கொடுத்தார். என் வக்கீல் 30 வருஷத்துக்குப் போட்டதுல 1998ல ஒரு அடமானம், கடன் அடைஞ்சதுக்கான ரசீதுப் பத்திரமே இல்ல. அத மீட்டு வாங்க நான்தான் பேங்குக்கு அலைஞ்சேன். வக்கீல் ஃபீஸ் 8,000. சொல்லுங்க, ரெண்டு பக்கமும் வாங்கினது சரியா?

பத்திரக்கட்டு: மனைத்தரகர் பதில் சொல்ல மாட்டார். கூடுவாஞ்சேரி மனைக்கு அப்ரூவல் இருக்கான்னு ஆறு மாசம் முன்னாடி நான் கேட்டதுக்கே இன்னும் பதில் வரல.

மனைத்தரகர்71: அந்த மனைய நான் விக்கல! இதோட மூணாவது தடவ சொல்றேன். நீங்க பத்திரம் எழுத எவ்வளவு வாங்குறீங்கன்னு நானும் எழுதட்டுமா?

பத்திரக்கட்டு: தாராளமா எழுதுங்க. நான் ஒரு பக்கம்தான் வாங்குறேன்.

பொள்ளாச்சிக்காரி: சேலையூர் அண்ணா, என் பிளாட் விலை உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். இன்னும் பதிலக் காணோமுங்க.

சேலையூர்வாசி: முதல்ல அவர் சொல்லட்டும். வாங்கினாரா, இல்லையா?