ஐ.பி.ஏ. பீரில் அந்த நார்த்தங்காய் மணம் எங்கிருந்து வருகிறது?

ஓசூர்க்காரன்:
போன சனிக்கிழமை பெங்களூர் மெக்ராத் ரோடு ஆர்பர் மைக்ரோப்ரூவரியில் (அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் சிறு கூடம்) முதல்முறையாக 'ரேஜிங் எலிஃபன்ட்' ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) பீர் குடித்தேன். முதல் வாய் வேப்பங்கொழுந்துக் கசப்பு. பாதி கிளாஸ் தாண்டியதும் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளியது போல ஒரு மணம். கீழே வைக்க மனமே வரவில்லை. பழம் ஏதும் சேர்க்கிறார்களா?

பழைய தொட்டிக்காரன்:
பழமெல்லாம் தேவையில்லை, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவே போதும். நான் இரண்டு வருடம் ஒரு மைக்ரோப்ரூவரியில் வேலை பார்த்தவன். ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், ஆனால் மணம் ஆவியோடு போய்விடும். அதனால் அடுப்பை அணைக்கும்போது ஒரு பங்கு, நொதித்த பிறகு தொட்டியில் இன்னொரு பங்கு போடுவோம். பையைப் பிரித்தால் பச்சைத் தூள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் ராத்திரி வரை வாசம் போகாது. அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

அப்புறம், ரொம்பச் சில்லென்று குடிக்காதீர்கள். 8 டிகிரி வாக்கில்தான் மணம் எழும். நாள்பட்டால் முதலில் போவதும் அந்த மணம்தான். உள்ளூரில் காய்ச்சியதைப் புதிதாகவே குடிக்கலாம், அதன் பெரிய பலம் அதுதான்.

மயிலை வாசகி:
பெயர்க்காரணமும் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் பீர் தயாரிப்பாளர் ஹாட்ஜ்சனின் பேல் ஏல் (வெளிர்நிற பீர்) கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியா வந்தது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பீர் தயாரிப்பாளர்களும் போட்டிக்கு வந்தார்கள். அவர்கள் ஊர்த் தண்ணீரிலிருந்த ஜிப்சம் என்ற தாது உப்பு ஹாப்ஸ் கசப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டியது.

ஓசூர்க்காரன்:
ரொம்ப நன்றி. அடுத்த முறை கிளாஸைப் பத்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டுக் குடித்துப் பார்க்கிறேன். திரும்புவது பஸ்ஸில்தான்.