நனவுப்பெயர்வு: கூத்தில் உருவருதலுக்கு ஒரு கலைச்சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

சடங்குக் கூத்தில் நடிகர் தன்னை மறந்து உரு வந்து ஆடும் நிலையை ‘மயக்கநிலை’ என்று எழுதுவதைக் கைவிடுவோம். மயங்கினவர் நினைவு தப்பி விழுவார். இவரோ தாளம் தப்பாமல் ஆடுகிறார். ‘சன்னதம்’ என்றால் தெய்வம் வந்ததென்று முன்கூட்டியே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். யாழ்ப்பாணத்து ‘உருவருதல்’ நல்ல சொல்தான், ஆனால் கும்பிட வந்தவருக்கும் அதே சொல்.

வழக்கமான நனவு இடம்பெயர்வதால் ‘நனவுப்பெயர்வு’ என்று வைக்கலாம். ‘நனவிலி’ உளவியலில் நிலைத்துவிட்டதால் அடிச்சொல் விளங்கும். அதன்கீழ், தெய்வம் ஏறினால் தெய்வமுறல், ஆடும் பாத்திரமாகவே ஆகிவிட்டால் பாத்திரமுறல் என இரண்டு. சிலப்பதிகாரத்து வேட்டுவவரியில் சாலினி என்ற வேட்டுவப் பெண் தெய்வமுற்று ஆடுகிறாள். அந்நூலுக்கான அடியார்க்குநல்லார் உரையில் வரும் 24 அவிநயங்களுள் (மெய்ப்பாட்டை உடலால் நடித்துக் காட்டும் முறைகளுள்) ‘தெய்வமுற்றோன்’ ஒன்று: புருவம் துடிக்கும், முகம் சிவக்கும். அது நடித்துக் காட்டுவது; வெளிக்குறி ஒன்றாயிருந்தாலும் நனவுப்பெயர்வில் சேராது.

——

அண்ணை, நனவுப்பெயர்வு எனக்குச் சம்மதம். ‘பாத்திரமுறல்’தான் இடிக்கிறது. காத்தவராயன் கூத்தில் மாரியம்மன் வேடமே தெய்வம். நேர்த்திக்கு விரதமிருந்து ஆடுபவரிடம் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கேரளத்துச் சடங்காட்டமான தெய்யத்தில் முடி சூடிக் கண்ணாடி பார்க்கும் கணம் தெளிவான வாசல். இங்கே இரவு முழுக்கப் படிப்படியாக ஏறும். ஆகவே வகையைவிட அளவுதான் தேவை. தாளம் பிடிக்கிறாரா? கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் பாட்டின் அடியெடுத்துக் கொடுத்தால் தொடர்கிறாரா? பிறகு நடந்தது நினைவிருக்கிறதா? மூன்றும் இருந்தால் ‘ஒன்றல்’. தாளம் மட்டும் மிஞ்சினால் ‘உருவேறல்’. (‘உருவேற்றம்’ வேண்டாம், மந்திரம் செபிப்பதோடு குழம்பும்.)

ஆட்டத்தைப் பார்த்து எழுதும் பதிவு பெரும்பாலும் பிழையாவது மூச்சில். வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல் விறைக்கும். விரதமும் நித்திரையின்மையும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஆளை இருத்தி மூச்சை ஆறவிட்டுத் தெளிந்தால் அதை உருவென்று எழுதக்கூடாது.

‘கோளாறு’ என்ற ஒட்டும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாடே, எஃப் 44.3 பிரிவில், சமயச் சூழல் போன்ற ஏற்கப்பட்ட இடங்களுக்கு வெளியே விருப்பமின்றி வருவதைத்தான் கோளாறென்கிறது.

உங்கள் ‘தெய்வமுறல்’ வீண்போகாது. வேட்டுவவரியிலேயே தெய்வமுற்றவள் சாலினி, கொற்றவைக் கோலம் பூண்டவள் வேறொரு குமரி. வேடமில்லாமல் உரு வருபவருக்கு அந்தச் சொல்லை ஒதுக்குவோம். வேடம் கட்டியவருக்கு ஒன்றல், உருவேறல், உரு தணிந்து தெளியும் உருவிறங்கல் மூன்றும் போதும்.