அப்பா பெயரில் உள்ள நிலம்: செட்டில்மெண்டா, உயிலா, பாகப்பிரிவினையா?

வரப்பு (கேள்வி):

வணக்கம். தமிழ்நாட்டில் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு இலவச மின் இணைப்பு. எல்லாமே அப்பா பெயரில். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பல வருடமாக நான்தான் வெள்ளாமை பார்க்கிறேன். அக்காவும் தங்கையும் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார்கள்.

அப்பா உயில் எழுதி வைக்கிறேன் என்கிறார். பத்திரம் எழுதுபவர், செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார். அக்கா வீட்டுக்காரரோ பாகப்பிரிவினைதான் முறை என்கிறார். சொட்டுநீர்க் குழாயெல்லாம் மாற்ற வேண்டும், கடனுக்குப் போனால் நிலம் என் பெயரில் இல்லை. அம்மாவுக்கு வேறு பயம்: எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு எங்களை யார் பார்ப்பது என்று என் எதிரிலேயே கேட்டுவிட்டார். வருத்தம்தான், ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. எது சரி?

மேட்டுநிலம்:

செட்டில்மெண்ட் போடுங்க, வேலை முடிஞ்சது. உயிலை நம்பி உட்காராதீங்க. அப்பா மனசு மாறினா இன்னொரு உயில், கடைசியா எழுதினதுதான் செல்லும்.

கிரயம்:

அவசரப்படாதீங்க நண்பரே. எந்தப் பத்திரம் என்பது இரண்டாவது கேள்வி. அப்பாவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது? அதை நீங்கள் சொல்லவே இல்லை. பட்டாவில் அவர் பெயர் மட்டும் இருப்பதால் முழுவதையும் அவர் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. உரிமையை மூலப்பத்திரத்தில், அதாவது நிலம் அவர் கைக்கு வந்த பத்திரத்தில்தான் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டு, மூலப்பத்திரத்தையும் எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள்.

வரப்பு:

பார்த்துவிட்டேன். இரண்டு துண்டாக வந்திருக்கிறது. இரண்டரை ஏக்கர், 1978-ல் தாத்தா, பெரியப்பா, அப்பா மூவரும் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினையில் அப்பா பாகம். 'பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட', அதாவது முன்னோர் வழி வந்தது என்றே பத்திரத்தில் இருக்கிறது. மீதி ஒன்றரை ஏக்கர், 1994-ல் அப்பா கிரயம் வாங்கியது. கிணறு அதில்தான் இருக்கிறது.

கிரயம்:

இப்போது பேசலாம். இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பம் என்று வைத்துச் சொல்கிறேன்; முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கணக்கே வேறு.

அந்த இரண்டரை ஏக்கர் பூர்வீகச் சொத்து. அதில் உங்களுக்கு எப்படிப் பிறப்பால் பங்கோ, அக்காவுக்கும் தங்கைக்கும் அப்படியே. தமிழ்நாட்டில் 1989-லேயே அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு இந்த உரிமை வந்தது. 2005 திருத்தம் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற வித்தியாசத்தை எடுத்துவிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் இன்னும் தெளிவாக்கியது. ஆக அப்பா, நீங்கள் மூன்று பேர் என நாலு சம பங்கு. முழுவதையும் அப்பா உங்களுக்கு செட்டில்மெண்ட் எழுதினால், சகோதரிகள் அதைக் கேள்வி கேட்கலாம். பத்திரம் பதிவாகிவிட்டது என்பது அங்கே உதவாது.

ஒன்றரை ஏக்கர் அவர் சுயார்ஜிதம், அதாவது தானே சம்பாதித்து வாங்கியது. யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீக நிலத்து வருமானத்தில்தான் அதை வாங்கினார் என்று பிற்பாடு யாராவது வாதாட இடமுண்டு. 1994-ல் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

(தாத்தா வழி வந்ததெல்லாம் பூர்வீகம் என்று பலர் நினைக்கிறார்கள். தாத்தா தானே சம்பாதித்த நிலம், 1956-க்குப் பிறகு அவர் உயில் இல்லாமல் இறந்து அப்பாவுக்கு வந்தது என்றால், அது அப்பாவின் தனிச்சொத்துதான். உங்கள் விஷயம் அப்படி இல்லை.)

வரப்பு:

அப்போ அம்மா கேட்டதற்கு?

கிரயம்:

அதற்கு இரண்டு பூட்டு உண்டு. செட்டில்மெண்டிலேயே அப்பா, அம்மா இருவரும் ஆயுள் வரை அனுபவித்துவர உரிமை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கவில்லை என்றால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போட்டுப் பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கச் செய்யலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், பிறகு நிபந்தனை இருந்ததா இல்லையா என்றே வழக்கு நடக்கும். இந்த வரியை நீங்களே கேட்டு எழுத வைத்தால் அம்மாவின் பாதி பயம் போய்விடும்.

ஆனால் ஆயுள் உரிமை வைத்தால் வங்கி அவர்கள் கையெழுத்தையும் கேட்கும். கடன்தான் அவசரம் என்றால் அதையும் யோசியுங்கள்.

உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்றில்லை, முத்திரைத் தீர்வையும் இல்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். வயதில் சின்னவர்களாகப் பார்த்துப் போடுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல ஒருவராவது இருக்க வேண்டுமே. ஆனால் உங்களுக்கு இன்று கடன் வாங்க உயில் உதவாது.

மேட்டுநிலம்:

சரி, நான் சொன்னது அந்த ஒன்றரை ஏக்கருக்கு மட்டும்னு வச்சுக்குங்க. செலவு? குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கறது)ன்னா 1 சதவீதம்தான். 2023 ஜூலையில ஏத்தின கணக்குப்படி தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000. பாகப்பிரிவினைன்னா ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தக் கணக்கு.

கிணற்றடி:

பத்திரத்தைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், தண்ணீரை யாரும் பேசவில்லை. கிணறு ஒன்றரை ஏக்கரில் இருக்கிறது. இரண்டரை ஏக்கருக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தானே? நாளைக்குத் தங்கை தன் பங்கை நிலமாகக் கேட்டால், அவர் பாகத்துக்குத் தண்ணீர் உண்டா? எந்த முறையில்? மோட்டார் யாருடையது, பழுதானால் யார் செலவு, பைப் எந்த வரப்பு வழியாகப் போகும், இதெல்லாம் எழுத்தில் வேண்டும். "மாமூல் தட பாத்தியம் உள்பட" (வழக்கமான பாதை உரிமையோடு) என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். வண்டிப்பாதை எத்தனை அடி அகலம், எந்தச் சர்வே எண்ணில் என்று குறித்து, வரைபடத்தையும் இணைத்துப் பதியுங்கள். எங்கள் பக்கத்து நிலத்தில் அண்ணன் தம்பி சண்டை நிலத்துக்காக இல்லை, டிராக்டர் திரும்ப இடம் இல்லாததற்காக.

பதிவு முடிந்ததும் உட்பிரிவுக்கு மனு கொடுத்து அளந்து தனிப்பட்டா வாங்குங்கள். கூட்டுப்பட்டாவாகவே விட்டால் கடனுக்குப் போகும்போது மறுபடி எல்லாரையும் தேட வேண்டும். மின் இணைப்பையும் பெயர் மாற்றிவிடுங்கள்.

வரப்பு:

சகோதரிகளிடம் பேசினேன். அக்கா பணமாக வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்கிறார். தங்கைக்கு நிலமே வேண்டுமாம், ரோட்டை ஒட்டிய பக்கம். அக்காவுக்கு மொத்தமாகக் கொடுக்க இப்போது என்னிடம் இல்லை. வருடா வருடம் தரலாமா?

கிரயம்:

தரலாம். ஆனால் விடுதலைப் பத்திரத்தில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, பாக்கியை வாய்ப்பேச்சில் வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் செய்யாதீர்கள். தவணை, தேதி, தொகை எல்லாம் பத்திரத்திலேயே வரட்டும், பணம் வங்கி வழியாகப் போகட்டும்.

தங்கைக்கு ரோட்டோரம் என்றால் ஏக்கர் கணக்கு மட்டும் பார்த்துச் சம பங்கு என்று சொல்லாதீர்கள், அங்கே மதிப்பு வேறு. அளவில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். பேசி முடிந்தால் தங்கை பாகம், அக்கா விடுதலை, அப்பாவின் செட்டில்மெண்ட் மூன்றையும் ஒரே நாளில் பதியுங்கள். ஒருவர் கையெழுத்து போட்டுவிட்டு இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வரப்பு:

சரி அண்ணே. முதலில் சர்வேயரை வரச்சொல்லி ரோட்டோரத்தை அளந்துவிட்டுத் தங்கையிடம் பேசுகிறேன்.