பிங்க் ஃபிளாய்ட் 64 பாட்டு நாக்-அவுட்: ஜோடி எப்படிப் போடுறது?

அடையாறு_பேஸ்:
சென்னை ராக் குரூப்ல சுமார் 40 பேர். வாட்ஸ்அப் வோட்டிங்ல பிரிட்டிஷ் ராக் பேண்ட் பிங்க் ஃபிளாய்டோட 64 பாட்டுகளை நாக்-அவுட் வைக்கப் போறோம். குலுக்கல் முறையில ஜோடி சேர்க்கலாமா? ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ மாதிரி துண்டு துண்டா வர்ற பாட்டை என்ன பண்றது? டாப் 10 வரிசையும் வேணும்.

பெரம்பூர்_டிரம்மர்:
குலுக்கல் வேண்டவே வேண்டாம் ப்ரோ. ‘டைம்’, ‘கம்ஃபர்ட்டபிளி நம்ப்’ ரெண்டும் முதல் சுற்றுலயே மோதினா, அதுல ஒண்ணு 33-வது இடத்துக்கோ அதுக்கும் கீழயோ போயிடும். அநியாயம் அது. ஆளுக்கு 10 பாட்டு வரிசையா எழுதித் தரச் சொல்லுங்க. முதல் பாட்டுக்கு 10 புள்ளி, பத்தாவதுக்கு 1. கூட்டி நம்பர் போடுங்க, புள்ளியே வாங்காத பாட்டுகளுக்கு மட்டும் குலுக்கல். முதல் சுற்றுல எந்த ஜோடியைக் கூட்டினாலும் 65 வரணும்: 1-க்கு 64, 2-க்கு 63. முதல் ரெண்டு பாட்டும் அட்டவணையோட வேற வேற பாதியில இருக்கணும், ஃபைனலுக்கு முன்னாடி மோதக் கூடாது. 50 பாட்டுதான் தேறுச்சுன்னா முதல் 14-க்கு ‘பை’ (மோதாமலே அடுத்த சுற்று) குடுங்க, மீதி 36 மோதட்டும். அடுத்த சுற்றுக்குச் சரியா 32 வந்துடும்.

மந்தைவெளி_வினைல்:
‘ஷைன் ஆன்’ 9 பகுதியும் ஒரே பாட்டு. 1975-ல வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தோட தொடக்கத்துலயும் முடிவுலயும் பிரிச்சு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். ‘பிரெயின் டேமேஜ்’, ‘எக்லிப்ஸ்’ இடைவெளியே இல்லாம ஓடும், அதையும் சேர்த்துடுங்க. ஆனா ‘அனதர் பிரிக் இன் தி வால்’ மூணு பகுதியையும் சேர்க்காதீங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கோரஸ், கிட்டாரிஸ்ட் கில்மோரோட சோலோ எல்லாம் 2-வது பகுதியில இருக்கு. சேர்த்தா மத்த ரெண்டும் ஓசியில மேல வந்துடும்.

‘எக்கோஸ்’ மாதிரி 23 நிமிஷப் பாட்டுதான் பெரிய சிக்கல். லெஸ்லிங்கிற சுழலும் ஸ்பீக்கர் வழியா வர்ற கீபோர்டிஸ்ட் ரிக் ரைட்டோட அந்த ஒத்தை பியானோ ஸ்வரத்தோட நிறுத்திட்டு, எதிர்ல இருக்குற 4 நிமிஷப் பாட்டுக்குக் குத்திடுவாங்க. ஜோடியை முந்தின நாள் ராத்திரியே அறிவிங்க. ரெண்டையும் முழுசாக் கேட்டவங்க மட்டும் வோட்டு போடட்டும்.

வாட்ஸ்அப்ல வாக்கெடுப்பு (poll) போடும்போது ஒருத்தர் பல பதில் தேர்ந்தெடுக்கிற வசதியை அணைச்சிடுங்க. வாட்ஸ்அப்ல எண்ணிக்கை உடனுக்குடன் தெரியுறதால ஜெயிக்கிற பக்கமே சாய்வாங்க. கடைசிச் சுற்றுகளுக்கு கூகுள் ஃபார்ம், முடிவைக் காட்டாம. சேப்பாக்கத்துல ஐபிஎல் மேட்ச் இருக்குற ராத்திரி வோட்டு விழாது, மறுநாள் மதியம் வரை திறந்து வைங்க.

கோடம்பாக்கம்_கணக்கு:
ஃபைனல்ல தோத்ததை ரெண்டாவது இடம்னு எழுதிடாதீங்க. உண்மையான ரெண்டாவது பாட்டு, சாம்பியன்கிட்ட முதல் சுற்றுலயே தோத்திருக்கலாம். சாம்பியன்கிட்ட தோத்த 6 பாட்டை மட்டும் மறுபடி மோத விட்டா, 63 ஆட்டத்தோட 5 சேர்த்து 68-ல ரெண்டாவது கிடைச்சிடும்.

டாப் 10-க்கு இது பத்தாது. 40 பேர் வோட்டுல இப்படியும் நடக்கலாம்: ‘அ’ ‘ஆ’வை ஜெயிக்கும், ‘ஆ’ ‘இ’யை ஜெயிக்கும், ‘இ’ திரும்பி ‘அ’வையே ஜெயிக்கும். அப்போ யார் சாம்பியன்னு ஜோடி போட்ட விதம்தான் முடிவு பண்ணும். 16 பாட்டு மிஞ்சினதும் நாக்-அவுட்டை நிறுத்திட்டு, எல்லாரும் 16-ஐயும் வரிசைப்படுத்தித் தரட்டும். அதுல 120 ஜோடி; அதிகம் பேர் மேல வெச்ச பாட்டுதான் அந்த ஜோடியில ஜெயிச்சது. எந்தப் பாட்டு எத்தனை ஜோடியில ஜெயிச்சதுன்னு எக்செல்ல எண்ணுங்க.

பெரம்பூர்_டிரம்மர்:
கணக்கு சரி தல, ஆனா ஃபைனல் இல்லாம என்ன நாக்-அவுட்? அந்த வரிசையில முதல் ரெண்டு பாட்டுக்கு ஒரு ஃபைனல் வைங்க. சமமா வந்தா சீடிங்ல (முதல்ல புள்ளி கூட்டிப் போட்ட நம்பர்ல) மேல இருந்தது ஜெயிக்கும்னு முன்னாடியே சொல்லிடுங்க.